அசைந்த நேரங்கள்

ஜனவரி 12

அன்புள்ள மிளகுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் நலம். அங்கே நீயும் உன்னைக் கட்டிய தம்பியும் பிள்ளைகள் இருவரும், இன்னும் கணக்கில் சேராத அந்த ஒரு ஆளும் நலம் என்று நம்புகிறேன்.

போனில் பேசினால் போதாதா, கடிதம் எதற்கு என்று கேட்டாய். நாள் முழுக்கக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊராருடைய தண்ணீர்ப் புகாரைக் கேட்கிறவள் நான். எட்டு மணி நேரத்தில் நூற்றுப் பத்து அழைப்பு. வீட்டுக்கு வந்து போன் அடித்தால் "வணக்கம், குடிநீர்ப் புகார்ப் பிரிவு" என்றுதான் வாயில் வருகிறது. போன வாரம் உன் மாமியாரிடமே அப்படிச் சொல்லிவிட்டேன். அந்த அம்மா கொஞ்சமும் பதறாமல், "எங்க வீட்ல தண்ணி நல்லாதான் வருதும்மா" என்றார். அதோடு, உன் வீட்டில் போன் எடுத்தால் நான்கு பேர் காது நீட்டுவார்கள். நமக்குள் பேச வேண்டியதைக் காகிதத்திலேயே பேசிக்கொள்வோம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரி லிப்ட் பக்கத்தில் நின்று நீ சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "உன் கர்ப்பப்பையை எடுத்துட்டா என்னக்கா, என்கிட்ட ஒண்ணு இருக்குல்ல. அடுத்தது உனக்கு." அன்றைக்கு உன்னைத் திட்டினேன். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்துவிட்டு, கடைசியில் பையையும் கொடுத்துவிட்டு வருகிறவளிடம் விளையாடுகிறாளே என்று நினைத்தேன். நீ விளையாடவில்லை என்று போன மாதம்தான் புரிந்தது. இப்போதும் கேட்கிறேன். நிஜமாகவா? தம்பிக்கு மனசு ஒப்புகிறதா? பிறந்த பிறகு எழுத்து வேலையெல்லாம் சுலபம்தான் என்று வக்கீல் சொல்கிறார். எழுத்து வேலையைப் பற்றி நான் கேட்கவில்லை.

பின்னறையைக் காலி செய்தாகிவிட்டது. உன் அத்தான் அலமாரிக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்தார். காய்ந்த பிறகு பார்த்தால் சாணி நிறம். "வளர்ந்தா பழகிடும்" என்கிறார். யார் வளர்ந்தால், அலமாரியா என்று கேட்டேன்.

ஒரு உதவி. குழந்தை அசையத் தொடங்கியதும் நாளும் நேரமும் குறித்து எனக்கு எழுது. நேரம் போடாத புகாரை எங்கள் பிரிவில் புகாராகவே எடுப்பதில்லை. ஆபீசில் மீந்த பதிவேடு ஒன்றைக் கேட்டு வாங்கி, கோடு போட்டு வைத்திருக்கிறேன். நாள், நேரம், அப்போது நீ எங்கே இருந்தாய். என்னால் சுமக்க முடியாது. குறித்துவைக்க முடியும்.

மாத்திரையை விடாமல் சாப்பிடு.

உன்
அக்கா


ஜனவரி 27

என் அக்காவுக்கு,

எல்லாரும் சுகம். உன் பதிவேட்டுக்கு முதல் வரி இதோ.

ஜனவரி 24, காலை 11.20, கடையில்.

ஒரு பெரியவருக்குக் கண்ணாடிச் சட்டத்தைக் காதுக்குப் பின்னால் சரிசெய்துகொண்டிருந்தேன். உள்ளே மீன் வாலைத் திருப்பியதுபோல ஒன்று. கை நின்றுவிட்டது. "என்னம்மா, என் காது சரியில்லையா?" என்று கேட்டார். "உங்க காது நல்லாருக்கு, ஒண்ணு ஏத்தம் ஒண்ணு எறக்கம், அவ்ளோதான்" என்றேன். பிறகு 25ஆம் தேதி மதியம் 2.40 சாப்பாட்டு நேரத்தில். 26 காலை 9.05 கடை ஷட்டரைத் தூக்கும்போது. ஷட்டரை நான் தூக்கக் கூடாதாம், அதனால் அன்றைக்கு முதலாளியே தூக்கினார். தூக்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் சாயங்காலம்வரை எழவில்லை.

நிஜமாகவா என்று இன்னொரு தடவை கேட்டால் கோபம் வரும். இவரும் நானும் நன்றாக யோசித்துத்தான் சொன்னோம். பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டோம், இது பெரியம்மாவுக்கு என்று. பெரியவன் தலையாட்டிவிட்டுப் போய்விட்டான். சின்னவள்தான், "அப்ப பெரியம்மா வயித்துலயே வைக்க வேண்டியதுதானே, ஏன் உன் வயித்துல வச்சிருக்காங்க?" என்று கேட்டாள். பெரியம்மா வயிற்றில் இடம் இல்லை என்றேன். "அவங்க வயிறு உன்னுதவிடப் பெருசு" என்றாள். இதை அத்தானுக்குப் படித்துக் காட்டாதே.

உன்
மிளகு


பிப்ரவரி 6

அன்புள்ள மிளகுக்கு,

உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன். மூன்று நேரத்தையும் பதிவேட்டில் ஏற்றியாகிவிட்டது. சின்னவளிடம் சொல், பெரியம்மா கோபித்துக்கொள்ளவில்லை, அவள் சொன்னது உண்மைதான் என்று.

இப்போது எழுதப் போவதைப் படித்துவிட்டுச் சிரிக்காதே. தம்பியிடமும் சொல்லாதே.

ஜனவரி 24ஆம் தேதி நான் வேலையில் இருந்தேன். நாலு நாளாகத் தண்ணீர் வரவில்லை என்று ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். தொப்புளுக்குக் கீழே, இடது பக்கம், உள்ளிருந்து ஒரு விரல் தட்டியதுபோல இருந்தது. ஒரு தடவை. கொஞ்சம் விட்டு இன்னொரு தடவை. எனக்கு அது என்னவென்று தெரியும். இரண்டு தடவை சுமந்தவள் நான், அதை வேறு எதனோடும் குழப்பிக்கொள்ள மாட்டேன். அந்த மனிதர் "ஹலோ, லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். திரையின் ஓரத்தில் நேரம் 11.45. எதற்கென்று தெரியாமலே கைத்தாளில் குறித்துக்கொண்டேன். உன் கடிதம் வந்தது அதற்கு ஏழு நாள் கழித்து. இருபத்தைந்து நிமிட வித்தியாசம்.

உள்ளே ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். அங்கே தையல் போட்ட தழும்பு மட்டும்தான். ஆனால் அதற்குப் பிறகு ஆறு தடவை வந்திருக்கிறது. காலையில் பல் தேய்க்கும்போது குமட்டுகிறது. உன் அத்தானிடம் சொன்னேன். அவர் கையை வைத்துப் பார்த்தார், வெகுநேரம் வைத்திருந்தார். "எனக்கு ஒண்ணும் தெரியல. ஆனா நீ சிரிக்கிற" என்றார்.

உனக்கு இது பிடிக்கவில்லை என்றால் சொல். உன்னுடையதில் நான் பங்கு கேட்பதுபோல இருக்கிறதோ என்று பயமாக இருக்கிறது.

உன்
அக்கா


பிப்ரவரி 20

என் அக்காவுக்கு,

எதற்குச் சிரிக்கப் போகிறேன். உன்னுடையதுதானே, உனக்கும் தெரிகிறது. கூடப்பிறந்தவள் என்றால் இப்படித்தான் என்று வைத்துக்கொள். ஆனால் ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிடு, எனக்காக.

நேரங்களைத் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். பதினொன்று. பெரும்பாலும் காலையில்தான் ஆட்டம். லென்ஸைச் சட்டத்துக்கு ஏற்றபடி தேய்ப்பதற்கு ஒரு மெஷின் இருக்கிறது, அது ஓடினால் உள்ளே ஒரு உதை விழுகிறது. சத்தம் பிடிக்கவில்லை போலிருக்கிறது. உன்னைப்போலவே.

நேற்றும் இன்றும் சும்மா இருக்கிறது. குழந்தை அசந்து தூங்கும், சில நாள் அப்படித்தான் என்று மாமியார் சொல்கிறார். மற்ற இரண்டும் இப்படி இருந்தனவா என்று யோசித்தால் ஞாபகமே வரவில்லை. எப்படியும் வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கும் நாள்தான்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன்
மிளகு


மார்ச் 3

மிளகு,

வியாழக்கிழமை போய் ஐந்து நாளாகிவிட்டது. கடிதம் இல்லை. போன் செய்தால் தம்பி எடுத்து, "தூங்குறா அண்ணி, அப்புறம் பேசச் சொல்றேன்" என்கிறார். சாயங்காலம் நாலு மணிக்கு நீ எதற்குத் தூங்குகிறாய்?

இரண்டு நாளாகச் சும்மா இருக்கிறது என்று எழுதினாயே, அதைப் படித்த நிமிடத்திலிருந்து எனக்கும் நின்றுவிட்டது. இந்த வாரம் பதிவேட்டில் ஒரு வரிகூட இல்லை. வெறும் கோடுகள். சாப்பாடு இறங்கவில்லை. வேலையில் ஒரு பெண்மணி குழாயில் சேறு வருகிறது என்று புகார் சொன்னாள். நான் அவளிடம் "அசையுதா?" என்று கேட்டேன். சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார்.

நான் இரண்டு தடவை இந்தச் சும்மா இருப்பதைப் பார்த்தவள். அதனால்தான் பயப்படுகிறேன்.

பெரிய கடிதம் வேண்டாம். ஒரே ஒரு நேரம் எழுது. ஒரு தாளில் ஒரு நேரம், அது போதும்.

அக்கா


மார்ச் 9

அக்காவுக்கு,

பயப்படாதே. அசைகிறது.

மார்ச் 6, காலை 10.15. மார்ச் 7, காலை 11.50, மாலை 5.30. மார்ச் 8, மதியம் 12.10.

எனக்கு உடம்புக்குக் கொஞ்சம் முடியவில்லை, அதனால்தான் எழுதவில்லை. கடைக்குப் போகத் தொடங்கிவிட்டேன். நீ சாப்பிடு. ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டு எனக்கு எழுது.

மிளகு


ஏப்ரல் 2

என் கண்ணே மிளகு,

உன் மார்ச் 9 கடிதமும் அதற்கு அடுத்ததும் வந்தன, நேரங்கள் என்னுடையவற்றோடு பொருந்துகின்றன. மார்ச் 9 கடிதத்தைப் பிரித்தபோது சமையலறை மேடையில் சாய்ந்து நின்றிருந்தேன். மேடைக் கல்லையே தள்ளுவதுபோல ஒரு உதை. அன்றிலிருந்து ஒரு நாள்கூட விடாமல் இருக்கிறது. பக்கவாட்டில் புரளுகிறது, நெஞ்சுக்குக் கீழே முட்டுகிறது. வயிறு நன்றாகவே தெரிகிறது. இரண்டு பாவாடை போதவில்லை. உன் அத்தான் டேப் வைத்து அளந்தார், ஒரு மாதத்தில் மூன்று அங்குலம். அளந்துவிட்டு டேப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். இப்போதெல்லாம் அவர் ரொம்ப அமைதியாக இருக்கிறார். அப்பாவாகப் போகிறவர்களுக்கு வரும் பயம் என்று நினைக்கிறேன்.

ஆபீசில் பக்கத்து சீட்டுப் பெண் எனக்குத் தலையணை கொண்டுவந்து கொடுத்தாள். "எத்தனையாவது மாசம்கா?" என்றாள். இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஆறு என்றேன். மிளகு, அது பொய்யா? குழந்தைக்கு ஆறு மாதம்தானே.

நீ சொன்னதற்காக டாக்டரிடமும் போனேன். ஸ்கேன் எடுத்தார்கள். திரையில் ஒன்றுமில்லை. டாக்டர் என்னைவிடச் சின்னவள், பொறுமையாகச் சொன்னாள். "குடல் அசையறதும்மா. தழும்பைச் சுத்தித் தசை துடிக்கும். வயிறும் உப்பியிருக்கு. உங்களுக்குத் தெரியறது பொய்ன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அது குழந்தையில்ல." நான் சொன்னேன், "தெரியும் டாக்டர். குழந்தை என் தங்கச்சிகிட்ட இருக்கு. எனக்கு இங்க அதோட சத்தம் மட்டும்தான் கேக்குது." அவள் பேனாவை மூடி வைத்துவிட்டாள். வேறொரு டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறாள், மனசு சம்பந்தப்பட்டவராம். பிறந்த பிறகு போகலாம் என்று வைத்திருக்கிறேன்.

மே மாதத்திலிருந்து நீண்ட லீவு கேட்டிருக்கிறேன். உன்கூட வந்து இருந்து, எல்லாம் முடிந்து, குழந்தையோடு திரும்புகிறேன். நீ எந்த வேலையும் செய்யக் கூடாது.

உன்
அக்கா


ஏப்ரல் 14

அக்காவுக்கு,

மே மாதம் வேண்டாம். இங்கே வெயில் அதிகம், வீட்டில் இடமும் இல்லை. மாமியாரின் தங்கை குடும்பத்தோடு வருகிறார். குழந்தை பிறந்ததும் இவர் சொல்வார், அப்போது நீ வந்தால் போதும்.

நேரங்கள் தனித்தாளில்.

அந்த இன்னொரு டாக்டரைப் பார். பிறந்த பிறகு என்று வைக்காதே. இப்போதே பார். என் மேல் ஆணை.

மிளகு


மே 4

அன்புள்ள மிளகுக்கு,

போன வாரம் நீ அனுப்பிய தாளும் வந்தது. தாள் மட்டும். மேலே அக்காவுக்கு என்றும் இல்லை, கீழே மிளகு என்றும் இல்லை.

என்னால் யோசிக்காமல் இருக்க முடியவில்லை. ஐந்தாம் மாதம்வரை நீ எழுதியதில் கடை இருந்தது, முதலாளியின் இடுப்பு இருந்தது, சின்னவளின் வாய் இருந்தது. இப்போது நேரம் மட்டும்தான் வருகிறது. எங்கே இருந்தாய் என்ற பத்தியைக் காலியாக விட்டுவிடுகிறாய். வராதே என்கிறாய். உன் மாமியாருக்குத் தங்கையே கிடையாது.

எனக்குத் தெரிந்துவிட்டது. நீ சொல்ல வெட்கப்படுவதால் நானே சொல்லிவிடுகிறேன். உனக்கு மனசு மாறிவிட்டது.

மாறாமல் எப்படி இருக்கும்? நாள் முழுக்க உன்னை உதைக்கிற பிள்ளை. வாக்குக் கொடுத்தபோது அது உதைக்கவில்லையே. உன் இடத்தில் நான் இருந்தால் முதல் வாரமே மாறியிருப்பேன். தம்பியைத் திட்டாதே, உன்னையும் திட்டிக்கொள்ளாதே. நீயே வைத்துக்கொள். நான் செத்துப்போக மாட்டேன். பெரியம்மாவாக இருக்கிறேன், அதுவும் ஒரு வேலைதானே. அலமாரியை உங்கள் வீட்டுக்கு அனுப்பிவைக்கிறேன். நிறத்தைப் பார்த்துச் சிரிக்காமல் இருந்தால் சரி.

ஆனால் வராதே என்று மட்டும் சொல்லாதே. இருபதாம் தேதிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். இரண்டு நாள் இருந்துவிட்டுப் போய்விடுகிறேன். ஒரே ஒரு தடவை உன் வயிற்றில் கை வைத்துப் பார்க்க வேண்டும். உள்ளே அசைவதும் எனக்கு அசைவதும் ஒரே நேரத்தில்தானா என்று தெரிந்துகொண்டால் போதும். பிறகு கேட்க மாட்டேன்.

உன்
அக்கா


மே 9

அக்கா,

மனசு மாறவில்லை. ஒரு நிமிடம்கூட மாறவில்லை. மாறியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

குழந்தை இல்லை. பிப்ரவரி 26, அந்த வியாழக்கிழமை, டாக்டர் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டார். அவரும் பார்த்தார். ஒரு வாரம் முன்பே நின்றிருக்கும் என்றார்கள். அடுத்த நாள் மாலை பிரசவம்போலவே எல்லாம் நடந்தது. பெண். இவர்தான் பார்த்தார், நான் பார்க்கவில்லை. அக்காவிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று இவரிடம் சொன்னேன். இவர் அத்தானுக்குப் போன் செய்தார்.

அத்தான் அழுதார். பிறகு சொன்னார், "கொஞ்ச நாள் பொறுங்க. நானே சொல்றேன். இப்ப சொன்னா தாங்க மாட்டா. ரெண்டு வருஷம் கழிச்சு இப்பத்தான் சிரிக்கிறா." ஒரு வாரம் என்றுதான் கேட்டார். அந்த வாரத்தில்தான் உன் மூன்றாம் தேதிக் கடிதம் வந்தது. எனக்குப் பால் கட்டியிருந்தது, நெஞ்சில் துணி கட்டிக்கொண்டு படுத்திருந்தேன். ஒரே ஒரு நேரம் எழுது என்று கேட்டிருந்தாய். சாப்பிடவில்லை என்றும் எழுதியிருந்தாய்.

ஒரு நேரம்தானே என்று எழுதினேன். ஒன்று போதாது, நம்ப மாட்டாய் என்று நாலு எழுதினேன். நீ சாப்பிட ஆரம்பித்தாய் என்று அத்தான் போனில் சொன்னார். அதற்கப்புறம் நிறுத்தத் தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் அத்தான் அடுத்த வாரம் என்றார். அவரைக் குறை சொல்லவில்லை, பேனா என் கையில்தான் இருந்தது.

அந்த நேரங்களெல்லாம் எங்கிருந்து வந்தன என்று கேட்பாய். கடையில் ஆள் வந்தால் சீட்டில் நேரம் போடுவோம். அதைப் பார்த்து எழுதினேன். ஒரு டீச்சர் சட்டம் உடைந்துபோய் வந்தது, ஒருவர் கண்ணாடியைத் தொலைத்துவிட்டு வந்தது, தபால்காரர் கண்ணாடிக்குக் கயிறு கேட்டு வந்தது. கடைக்கு ஆள் வந்த நேரமெல்லாம் உனக்குக் குழந்தை அசைந்த நேரம். எங்கே இருந்தாய் என்ற பத்தியை நிரப்ப மட்டும் கை வரவில்லை.

நீ பொருந்துகிறது பொருந்துகிறது என்று எழுதும்போதெல்லாம் என்னைக் கொன்றுவிடலாம்போல இருந்தது. ஒன்றிரண்டு நாள் நானே வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன், அக்கா. நீ சொல்கிறாயே, ஒருவேளை இருக்குமோ என்று.

நீ நேரில் வந்து கை வைத்துப் பார்க்கும்போது தெரிய வேண்டாம். அதனால் எழுதிவிட்டேன். என்னை என்ன வேண்டுமானாலும் சொல். பேசாமல் மட்டும் இருக்காதே.

மிளகு


மே 23

மிளகு,

உன் கடிதம் 13ஆம் தேதி வந்தது. பதில் எழுதப் பத்து நாள் ஆகிவிட்டது.

படித்துவிட்டு உன் அத்தானிடம் நீட்டினேன். அவர் வாங்கவே இல்லை. அதில் என்ன இருக்கிறதென்று அவருக்குத் தெரியும். "நீ சிரிச்சுப் பாத்து ரெண்டு வருஷம் ஆயிருந்துச்சு. நிறுத்த மனசு வரல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். டிக்கெட்டை அவரே போய் ரத்து செய்தார். இப்போது சாப்பாடு அவர் சமைக்கிறார். உப்புப் போதுமா என்று கேட்கிறார், போதும் என்கிறேன். வேறு பேச்சு இன்னும் வரவில்லை.

பதிவேட்டைச் சரிபார்த்தேன். பிப்ரவரி 20வரை நீ உண்மையாக எழுதிய நேரங்கள் பதினான்கு. என்னுடையதோடு பொருந்தியவை மூன்று. அதற்குப் பிறகு எழுதியவை முப்பத்தெட்டு. பொருந்தியவை இருபத்தொன்று. எல்லாவற்றுக்கும் பக்கத்தில் சிவப்பு மையில் டிக் போட்டிருக்கிறேன். முன்பின் ஒரு மணி நேரம் இருந்தாலும் பொருந்தியதாகவே வைத்துக்கொண்டிருக்கிறேன், அதை இப்போதுதான் பார்த்தேன். ஆபீசில் யாராவது இப்படிப் பதிவு செய்திருந்தால் மெமோ கொடுத்திருப்பார்கள்.

அந்த டாக்டரைப் பார்த்தேன். இரண்டு தடவை போயிருக்கிறேன். நல்லவர், அதிகம் பேசுவதில்லை. ஆபீசில் பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் சொல்லிவிட்டேன். எதைச் சொன்னேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை, போய்விட்டது என்று சொன்னேன். அவள் அழுதாள். தலையணையைத் திருப்பிக் கொடுத்தால் வாங்க மாட்டேன் என்கிறாள்.

நீ பால் கட்டிப் படுத்திருந்தபோது நான் உன்னிடம் நேரம் கேட்டிருக்கிறேன். அதை நினைத்தால் எங்கே போய் முகத்தை வைப்பது என்று தெரியவில்லை. எனக்கு இரண்டு தடவை அப்படி ஆனபோது நெஞ்சுத் துணியை மாற்றியவள் நீ. இரண்டாவது தடவை உனக்குப் பிள்ளை பிறந்து நாற்பது நாள்கூட ஆகியிருக்கவில்லை, அப்போதும் வந்து நின்றாய். நான் வந்திருப்பேன் மிளகு. வேலையை விட்டுவிட்டு வந்திருப்பேன். நான் வர முடியாதபடி செய்துவிட்டாயே என்று கோபம் வருகிறது. செய்யவைத்தவள் நான்தானே என்று அடங்குகிறது, பிறகு மறுபடி வருகிறது. பத்து நாளாக இதுதான். அந்தப் பெண்ணுக்கு நான் ஒரு வேளைகூட அழவில்லை. எல்லாரும் அழுது முடித்த பிறகு எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

நிற்கவில்லை. உன் கடிதத்தைப் படித்த நிமிடமே நின்றுவிடும் என்று நினைத்தேன். அந்த டாக்டரும் மெதுவாகக் குறையும் என்றுதான் சொன்னார். குறைந்தது. போன ஞாயிறிலிருந்து நாலு நாள் ஒன்றுமில்லை. வயிறும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, பழைய பாவாடை ஒன்று சேர்ந்தது. நேற்றுக் காலை தபாலில் உன் அடுத்த கடிதம் வந்தது. கதவடியில் கிடந்தது. உறை மேல் உன் எழுத்து. நான் இன்னும் குனியக்கூட இல்லை, அதற்குள் புரண்டது. இடமிருந்து வலமாக, முழுசாக ஒரு புரளல். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சந்தோஷமாக இருந்தது. அதுதான் பயமாக இருக்கிறது.

இத்தனை நாளாக அது உன் எழுத்தைத் தின்றுதான் வளர்ந்திருக்கிறது. இனி எனக்கு எழுதாதே. போனும் செய்யாதே, தம்பியும் செய்ய வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. கோபம் இருக்கிறது, ஆனால் அது வேறு. உனக்கு ஒரு வியாழக்கிழமை இருந்தது. எனக்கும் ஒரு நாள் வர வேண்டும், இங்கே ஒன்றும் இல்லை என்று என் உடம்புக்கும் தெரிகிற நாள். நீ எழுதிக்கொண்டிருந்தால் அது வராது. எத்தனை மாதம் என்று சொல்லத் தெரியவில்லை. வராமலே போகலாம். அப்படி ஆனாலும் நீ தேடி வராதே.

பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல். சின்னவள் கேட்டால் என்ன சொல்வதென்று உனக்கே தெரியும். நீ உடம்பைப் பார்த்துக்கொள். மூன்று மாதம் ஓய்வு எடுத்திருக்க வேண்டும், ஒரு வாரத்தில் கடைக்குப் போயிருக்கிறாய்.

நேற்று வந்த உன் கடிதத்தை நான் பிரிக்கவில்லை. இதோடு திருப்பி அனுப்புகிறேன். உள்ளே என்ன எழுதியிருந்தாய் என்று எப்போதும் எனக்குச் சொல்லாதே.

அக்கா